காலந்தாழ்ந்து வந்தவர்க்கும் கல்வி – சகோதரி சுப்பலட்சுமி

நுழையும்முன்

உரிய வயதில் பள்ளிக்கு வர இயலாமல் போனவர்கள் எக்காலத்திலும் உள்ளனர். வறுமை, குடிபெயர்தல், இளவயதுத் திருமணம், சமூக வழக்கம் எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். காலந்தாழ்ந்து வந்த ஒருவரைக் கல்விக்கூடம் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக்கிய பெண்மணி ஒருவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

பழைய மாவட்டத்தில் ஒரு தேர்வு

மாணவர்களே! திருவள்ளூரை அடுத்த காக்களூரின் காலைப்பொழுதை நீங்கள் கண்டிருக்கலாம். பள்ளிச் சீருடை அணிந்த மாணவியர் மிதிவண்டிகளில் விரைவர். அதே சாலையில், தொழிற்பேட்டையின் காலைப் பணிக்குச் செல்லும் பெண்கள் பேருந்துக்கும் பங்குத் தானிக்கும் காத்து நிற்பர். கையில் உணவுப் பையுடன் நிற்கும் அப்பெண்களுள் சிலர், மிதிவண்டியில் செல்லும் மாணவியரைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர்கள். பத்தாம் வகுப்போடு நின்றவர்களும், அதற்கு முன்பே நின்றவர்களும் அவர்களிடையே இருப்பர். மீண்டும் படிக்க அவர்கள் விரும்பினால் எங்குச் செல்வது? எந்த வகுப்பில் அமர்வது? யார் கற்பிப்பது?

1997ஆம் ஆண்டு திருவள்ளூர் தனி மாவட்டமாகும்வரை, காக்களூர் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊராக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அந்தச் செங்கற்பட்டு மாவட்ட அளவில் நடைபெற்ற பொதுத்தேர்வு ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முன்னணியில் தேறினாள். பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று பலரும் கருதிய காலம் அது. தேர்வில் வென்ற அச்சிறுமியின் படிப்பு, அடுத்த சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ முடிந்துபோகும் நிலைக்கு வந்தது. அது முடிந்துபோகாமல் காத்த ஒரு குடும்பத்தின் துணிவும், தமக்குக் கிட்டிய அந்த வாய்ப்பைப் பல்லாயிரம் பெண்களுக்கு உரியதாக்க அச்சிறுமி பின்னாளில் மேற்கொண்ட உழைப்பும் சேர்ந்ததே சகோதரி சுப்பலட்சுமியின் வரலாறு.

இளமையும் இழப்பும்

சுப்பலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த அந்தணர் குடும்பம் அது. கல்வியின் அருமையை உணர்ந்த தந்தை, மகளின் அறிவுக்கூர்மையைக் கண்டு மகிழ்ந்து அவரைப் படிக்கவைத்தார்.

எனினும், அக்கால வழக்கத்தை மீறும் நிலையில் அக்குடும்பம் இல்லை. பெண் பூப்பெய்தும் முன்பே மணம் முடித்துவிட வேண்டும் என்பது அச்சமூகத்தில் கடுமையாகப் பின்பற்றப்பட்ட விதி. சுப்பலட்சுமிக்கும் பதினொரு வயதளவில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். இல்வாழ்க்கை என்றால் என்னவென்றே அறியாத வயதில் அவர் கைம்பெண் ஆனார்.

அந்நாளில் கைம்பெண் என்னும் சொல்லுக்குள் அடங்கியிருந்த துன்பத்தை இன்று நாம் எண்ணிப்பார்ப்பதும் அரிது. கணவனை இழந்தவளின் தலைமுடி மழிக்கப்பட்டது. வண்ண ஆடையும் அணிகலனும் பூவும் மறுக்கப்பட்டன. ஒருவேளை உணவே அவளுக்கு உரியது எனப்பட்டது. மங்கல நிகழ்வுகளில் அவள் முன்னே வரலாகாது. புறப்படும்போது எதிரே வந்தால் தீய நிமித்தம். ஐந்து வயதுக் குழந்தையானாலும் ஐம்பது வயது முதியவளானாலும் விதி ஒன்றே. பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ சமையலறையின் இருளில் ஊதியமற்ற உழைப்பாளியாக அவள் வாழ்நாள் கழிந்தது. கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்வதை 1856ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்திருந்தது. ஆயினும் சட்டம் திறந்த வழியில் நடக்கச் சமூகம் இடம் தரவில்லை.

சுப்பலட்சுமியின் பெற்றோர் இந்த இடத்தில் துணிந்தனர். மகளின் தலைமுடியை மழிக்க அவர்கள் இசையவில்லை. அவரை இருட்டறைக்கு அனுப்பவும் இல்லை. மாறாக, மீண்டும் படிக்கவைக்க முடிவு செய்தனர். தந்தையே வீட்டில் ஆங்கிலம் கற்பித்தார். சிற்றன்னை வாலாம்பாள் உறுதுணையானார். அவரும் இளவயதிலேயே கணவனை இழந்தவர். தமக்குக் கிட்டாத கல்வி தம் தமக்கை மகளுக்காவது கிட்டட்டும் என்று விரும்பிய அவர், பின்னாளில் சுப்பலட்சுமி தொடங்கிய பணிகள் அனைத்திலும் உடன்நின்றார்.

கல்லூரிக் கல்வி

வீட்டுக்கல்விக்குப்பின் சுப்பலட்சுமி கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். தம் வாழ்க்கையையே பிறர் கல்விக்கு அளித்திருந்த அக்கன்னியரின் தொண்டு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. அவர் எந்தத் துறவு அமைப்பிலும் சேரவில்லை. தம் சமயத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் தொண்டு வாழ்க்கையைத் தமக்கெனத் தேர்ந்துகொண்டார். பின்னாளில் அனைவரும் அவரைச் சகோதரி என்றே அழைத்தனர். இயற்பெயரோடு ஒட்டிக்கொண்ட அச்சொல்லே அவருக்குப் பட்டமாயிற்று.

பள்ளிப்படிப்பை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆண்களே நிறைந்த வகுப்பறைக்கு ஓர் இளம் கைம்பெண் நாள்தோறும் சென்று வருவது அக்காலத்தில் எளிய செயலன்று. உறவினரின் ஏளனமும் தெருவாரின் முணுமுணுப்பும் தொடர்ந்தன. அவற்றைப் பொருட்படுத்தாமல் படித்து 1911ஆம் ஆண்டு முதல் வகுப்பில் இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே.

அந்த 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர் என்பதை இங்கு நினைத்துப்பார்க்க வேண்டும். அத்தகைய காலத்தில் பட்டம் பெற்ற ஒருவர் தம் வெற்றியோடு நிறைவடைந்திருக்கலாம். சுப்பலட்சுமி அவ்வாறு நிறைவடையவில்லை. தம்மைப் போன்ற இழப்புக்கு ஆளாகியும், தமக்கு வாய்த்ததைப் போன்ற பெற்றோர் வாய்க்காத சிறுமியரைப் பற்றியே அவர் எண்ணம் சுழன்றது.

எழும்பூர் வீட்டில் நால்வர்

பணி எழும்பூரில் தந்தையின் வீட்டில் தொடங்கியது. இளம் கைம்பெண்கள் நால்வர் அங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து கல்வி புகட்டுவது என்று குடும்பம் முடிவு செய்தது. கூடத்தில் பாய் விரித்து அமர்ந்த அந்த நால்வரே பிற்காலத்துப் பெரிய நிறுவனங்களின் முதல் மாணவியர்.

அதே காலத்தில் சென்னை மாகாணக் கல்வித்துறையில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர் கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் அம்மையார். அவருக்கு வேறொரு கவலை இருந்தது. பெண்கள் பள்ளிகளைத் திறந்தாலும் அங்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியர் கிடைக்கவில்லை. ஆண் ஆசிரியரிடம் மகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். திருமணமான பெண்களோ குடும்பப் பொறுப்பில் இருந்தனர். பெண் ஆசிரியர் இல்லாமையால் பெண்கள் படிக்கவில்லை. பெண்கள் படிக்காமையால் பெண் ஆசிரியர் உருவாகவில்லை. இந்தச் சுழலை எங்கே உடைப்பது?

சுப்பலட்சுமியின் எண்ணமும் லிஞ்ச் அம்மையாரின் கவலையும் ஓரிடத்தில் சந்தித்தன. குடும்பங்களில் சுமையாகக் கருதப்பட்ட இளம் கைம்பெண்களுக்குக் கல்வியும் ஆசிரியப் பயிற்சியும் அளித்தால், அவர்கள் தம் காலில் நிற்பர். மாகாணத்துப் பெண்கள் பள்ளிகளுக்கும் ஆசிரியர் கிடைப்பர். கைம்பெண்ணுக்கு இரக்கம் காட்டுவதோடு நில்லாமல், அவள் கையில் தொழிலையும் ஊதியத்தையும் மதிப்பையும் தரும் திட்டம் இது.

1912ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கம் தொடங்கப்பட்டது. பெண்கள் ஒன்றுகூடிச் சொற்பொழிவுகளைக் கேட்கவும், சமூகச் சிக்கல்களைப் பற்றிக் கலந்து பேசவும், பெண்கல்வியைப் பரப்பவும் அச்சங்கம் களமானது. அதனோடு கைம்பெண்களுக்கான சாரதா இல்லமும் உருவாயிற்று. இல்லம் பின்னர்த் திருவல்லிக்கேணிக்கு மாறியது.

காலந்தாழ்ந்தவர்க்குக் கற்பித்தல்

இல்லத்திற்கு வந்த சிறுமியரின் நிலை ஒரே வகையாக இருக்கவில்லை. சிலருக்கு எழுத்தே தெரியாது. சிலர் திண்ணைப் படிப்போடு நின்றவர்கள். பதினைந்து வயதில் அகரம் தொடங்க வேண்டியவர்களும் இருந்தனர். பள்ளியின் முதல் வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு அவர்களை அமரவைத்தால், அந்நாணமே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். வயதுக்கேற்ற வகுப்பில் நேரே சேர்த்தால், பாடம் புரியாமல் பின்வாங்குவர்.

இதற்கு இல்லம் கண்ட வழி எளியது. ஆனால் கடும் உழைப்பைக் கோருவது. வந்தவரின் தகுதியை முதலில் அறிந்து, இல்லத்திலேயே தனியே கற்பித்து, பிற மாணவியரோடு ஒருங்கமரும் நிலைக்கு உயர்த்திய பின்பே பள்ளிக்கு அனுப்புவது. விடுபட்ட ஆண்டுகளை மாணவியின் குற்றமாகக் கருதாமல், ஆசிரியர் நிரப்பவேண்டிய இடைவெளியாகக் கருதுவது. இன்று கல்வியாளர் உள்ளடங்கிய கல்வி என்று கூறும் கருத்தின் சாரம் இதுவேயாகும்.

அவர்களின் கல்வி ஏட்டோடு முடியவில்லை. தாழ்ந்த குரலில் பேசவும், சுவரோரம் ஒதுங்கி நிற்கவும், தன்னைத் தீய நிமித்தமாகவே எண்ணவும் பழக்கப்பட்டிருந்த சிறுமியருக்கு நிமிர்ந்து நடக்கக் கற்பிக்க வேண்டியிருந்தது. சிற்றன்னை வாலாம்பாளின் அன்பும் கண்டிப்பும் கலந்த பராமரிப்பு அங்குப் பெரும் துணையாயிற்று. தம்மைப் போன்றே இழப்புற்ற ஒருவர் பட்டதாரியாகித் தம்முன் நின்று கற்பிப்பதைக் கண்டதே அச்சிறுமியருக்கு முதல் பாடமாக அமைந்தது.

பனிக்கட்டிக் கிடங்கு பள்ளி விடுதியானது

சென்னைக் கடற்கரையில் வட்ட வடிவ முகப்போடு நிற்கும் ஐஸ்ஹவுஸ் கட்டடத்தை அறிந்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க எழுப்பப்பட்டது அது. பனிக்கட்டி வணிகம் நின்றபின் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காருக்கு உரிமையானது. 1897ஆம் ஆண்டு விவேகானந்தர் அங்குத் தங்கிச் சொற்பொழிவாற்றினார். 1917ஆம் ஆண்டு அரசு அதனை விலைக்கு வாங்கியது. இடநெருக்கடியில் தவித்த கைம்பெண்கள் இல்லம் அங்குக் குடியேறியது. வெளிச்சம் படாத அறைகளில் வாழ விதிக்கப்பட்ட பெண்கள், கடற்காற்று வீசும் மாடங்களில் அமர்ந்து பாடம் படித்தனர்.

எதிர்ப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. கைம்பெண்ணைப் படிக்கவைப்பது குடும்ப ஒழுக்கத்தைக் குலைக்கும் என்று வைதிகர் சிலர் கருதினர். அவர்களின் அச்சத்தைப் போக்க, இல்லத்தில் உணவு, வழிபாடு, ஆசாரம் ஆகியவற்றில் அந்தணர் குடும்ப வழக்கங்களையே சுப்பலட்சுமி கடைப்பிடித்தார். பெற்றோர் நம்பி அனுப்பினால்தான் மகள் வெளியே வர இயலும் என்பது அவர் கணக்கு.

இந்தக் கணக்கில் ஒரு குறை இருந்ததையும் நாம் மறைக்கலாகாது. தொடக்கத்தில் அந்த இல்லம் அந்தணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிற சமூகத்துப் பெண்களும் கல்வியின்றி, வறுமையும் தீண்டாமையும் சேர்ந்த சுமைகளோடு வாழ்ந்த காலத்தில், ஒரு சமூகத்திற்கு மட்டும் கதவு திறந்தது போதுமா என்னும் வினா நேர்மையானது. மழித்த தலையும் கட்டாயக் கைம்மையும் அச்சமூகத்தில் மிகக் கடுமையாக இருந்தன என்பதும், கலந்து வாழும் விடுதியாயின் பெற்றோர் மகளை அனுப்பவே மாட்டார் என்பதும் அன்று கூறப்பட்ட காரணங்கள். காரணங்களைப் புரிந்துகொள்ளலாம், குறையைக் குறையென்றும் அறியலாம். சுப்பலட்சுமியின் பிற்கால வாழ்க்கையைத் தொடர்ந்து நோக்கினால், அவர் திறந்த ஒவ்வொரு கதவும் முந்தையதைவிட அகலமாக இருந்ததைக் காணலாம்.

அகன்ற கதவுகள்

சாரதா மகளிர் சங்கத்தின் முயற்சியால் சாரதா வித்தியாலயம் என்னும் பெண்கள் பள்ளி உருவாயிற்று. பின்னாளில் அதன் பொறுப்பை இராமகிருஷ்ண மிஷன் ஏற்று நடத்தியது.

1922ஆம் ஆண்டு கடற்கரையில் ஐஸ்ஹவுஸுக்கு அருகே சீமாட்டி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வராகச் சுப்பலட்சுமி பொறுப்பேற்றார். அரசுக் கல்லூரியாதலின் பல சமூகப் பெண்களும் அங்குப் பயின்றனர். கல்லூரிப் படிப்பை முடித்தவர்க்கு ஒருவகைப் பயிற்சி, நடுநிலைக் கல்வி பெற்றவர்க்கு ஒருவகை, அதனினும் குறைந்த கல்வி உடையவர்க்கு ஒருவகை எனப் பயிற்சி பல நிலைகளில் அமைந்தது. பட்டம் பெற்றவரே ஆசிரியராகலாம் என்று விதித்திருந்தால் அந்நாளில் பெரும்பாலான பெண்கள் வாயிலிலேயே நின்றிருப்பர். ஒவ்வொருவரும் நிற்கும் படியிலிருந்தே மேலேற வழி செய்ததில்தான் அக்கல்லூரியின் சிறப்பு இருந்தது. பயிற்சி மாணவியர் கற்பித்துப் பழகுவதற்கெனப் பள்ளி ஒன்றும் அதனோடு இணைந்திருந்தது. ஆங்கிலக் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் அவர் இடமளித்தார். அங்குப் பயின்றவர்கள் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் ஆசிரியராகச் சென்றனர். ஆசிரியர் ஒருவர் உருவானால் ஊர் ஒன்றில் பள்ளி உருவாகும். இதுவே லிஞ்ச் அம்மையார் கண்ட சுழல் உடைந்த இடம்.

கல்விப் பணிக்கு அரசு அவருக்கு 1920ஆம் ஆண்டு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கியது. ஆயினும், கைம்பெண்களுக்குக் கல்வி தருவது நோய்க்கு மருந்து; நோயின் வேர் குழந்தைத் திருமணத்தில் இருக்கிறது என்பதை அவர் தம் வாழ்விலிருந்தே அறிந்தவர். திருமண வயதைப் பற்றி ஆராய 1928ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ஜோஷி குழுவின் முன் அவர் சான்றுரைத்தார். பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்றும் ஆணின் வயதைப் பதினெட்டு என்றும் வரையறுத்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1930ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சாரதா சட்டம் என்று வழங்கப்படும் இப்பெயர், சட்டத்தை முன்மொழிந்த ஹர்பிலாஸ் சாரதாவின் பெயரால் அமைந்ததாகும்.

தெரியுமா?

சுப்பலட்சுமி பிறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பு, 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தவர் மருத்துவர் முத்துலட்சுமி. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட அவர், விடுதிகள் இடம் தர மறுத்த சிறுமியர்க்குத் தம் இல்லத்திலேயே இடமளித்து 1930ஆம் ஆண்டு அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். ஒரே ஆண்டில் பிறந்த இருவரும், சமூகம் ஒதுக்கிய சிறுமியர்க்கு வீட்டின் கதவைத் திறந்தே தம் பணியைத் தொடங்கினர்.

ஓய்வுக்குப் பின்னும் பணி

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சுப்பலட்சுமி ஓய்ந்திருக்கவில்லை. சிறுமியர்க்கான பள்ளிகள் பெருகிவந்த காலம் அது. ஆனால் பள்ளி வயதைக் கடந்துவிட்ட பெண்கள் செல்வதற்கு இடமில்லை. இருபது, முப்பது வயதில் படிக்க விரும்பியவர்களை வழக்கமான பள்ளிகள் ஏற்கவில்லை. அவர்களுக்காக 1942ஆம் ஆண்டு மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். கணவனை இழந்தவர், கணவனால் கைவிடப்பட்டவர், வறுமையால் படிப்பை நிறுத்தியவர் எனப் பலதரப்பட்ட பெண்களின் தேவையை நிறைவேற்றும் முயற்சி அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழும்பூர் வீட்டில் நால்வரோடு தொடங்கிய அதே பணி, இப்போது வயது வரம்பையும் கடந்தது.

மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் வழியாக வித்யா மந்திர் பள்ளி 1956ஆம் ஆண்டு தோன்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1952 முதல் 1956 வரை சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராகவும் பணியாற்றினார்.

நகரத்திலிருந்து சிற்றூருக்கு

விடுதலைக்குப்பின் நாட்டின் கவனம் சிற்றூர்களை நோக்கித் திரும்பியது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. வேளாண்மை, நலவாழ்வு, கல்வி, சாலை, குடிநீர் ஆகியவற்றை ஊர்மக்களின் பங்களிப்போடு மேம்படுத்துவது அதன் நோக்கம். ஊர்ப்பெண்களோடு பழகி, குழந்தை வளர்ப்பையும் தூய்மையையும் சத்துணவையும் எழுத்தறிவையும் கைத்தொழிலையும் கற்பிக்கப் பெண் பணியாளர் தேவைப்பட்டனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியர் தேவைப்பட்டதைப் போன்ற நிலையே மீண்டும் எழுந்தது.

அறுபது வயதைக் கடந்திருந்த சுப்பலட்சுமி இத்தேவையையும் உணர்ந்தார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் என்னும் சிற்றூரில், ஊர்ப்பணிக்குப் பெண்களைப் பயிற்றுவிக்கும் சமூக நல மையம் ஒன்றை அவர் அமைத்தார். ஒன்பது வயதில் தாம் தேர்வெழுதி வென்ற அதே செங்கற்பட்டு மாவட்டத்தின் ஊர் அது. மயிலாப்பூர்த் தெருவிலிருந்து புறப்பட்ட அவர் பணி, வயல்வெளிகளுக்கு நடுவிலுள்ள ஊருக்கு வந்து சேர்ந்தது. ஓர் அந்தணர் இல்லத்துக் கூடத்தில் தொடங்கியது, ஊர்ப்பெண்கள் அனைவருக்கும் பயன்படும் பணியாக விரிந்தது.

ஊர்ப்பணியில் கற்பிப்பவர் முதலில் கேட்கப் பழக வேண்டும். உழைத்துக் களைத்த பெண்ணிடம் எழுத்துப்பலகையை நீட்டுவதற்கு முன், அவள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார், அவளுக்கு ஓய்வு கிட்டும் நேரம் எது, அவளுக்கு உடனடியாகப் பயன்படும் அறிவு எது என்பனவற்றை அறிய வேண்டும். கற்பவரின் வாழ்க்கைக்கு ஏற்பக் கற்பித்தலை மாற்றியமைப்பதே சமூக வளர்ச்சிப் பணியின் அடிப்படை. சாரதா இல்லத்தில் கைம்பெண் சிறுமியரிடம் தொடங்கிய அதே அணுகுமுறை சிற்றூர்ப் பணிக்கும் பொருந்தியது.

இந்திய அரசு 1958ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

இன்று நம்முன் உள்ள கதவு

காலையில் காக்களூர்ச் சாலையில் நாம் கண்ட காட்சிக்கு மீண்டும் வருவோம். கட்டாயக் கைம்மை என்னும் கொடுமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் காலந்தாழ்ந்து வருபவர்கள் மறையவில்லை. காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் வேலை தேடிப் பிற மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஆண்டின் சில மாதங்கள் தங்கி உழைக்கும் ஒடிசா மாநிலக் குடும்பங்கள் உள்ளன. அவர்களின் பிள்ளைகள் ஊர் மாறும்போது பள்ளியும் மொழியும் மாறுகின்றன. சிலருக்குப் பள்ளியே இல்லாமற் போகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இத்தகைய பிள்ளைகளுக்கு வழி வகுத்துள்ளது. பள்ளியில் சேராதவரையும் இடைநின்றவரையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அவ்வகுப்போடு ஒத்துச்செல்லும் வகையில் அவர்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் அளிக்க வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் எழும்பூர் வீட்டின் கூடத்தில் நால்வருக்குச் செய்யப்பட்டது, இன்று நாட்டின் சட்டமாக நிற்கிறது.

எனினும் சட்டம் கதவைத் திறக்குமே தவிர, உள்ளே வருபவரின் கையைப் பற்றி அழைத்துவராது. உங்கள் வகுப்பில் வயதில் மூத்த மாணவர் ஒருவர் புதிதாகச் சேரலாம். தமிழ் சரளமாக வராத ஒருவர் அருகில் அமரலாம். வேலைக்குச் சென்று திரும்பிய ஒருவர் மீண்டும் படிக்க வரலாம். அவரை எந்தப் பார்வையோடு நீங்கள் எதிர்கொள்கிறீர்கள் என்பதில்தான் அவர் தொடர்ந்து படிப்பதும் நின்றுபோவதும் பெரிதும் அமையும். அவருக்காக உங்கள் இருக்கையில் சற்று நகர்ந்து இடம் தாருங்கள். விடுபட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள். சகோதரி என்னும் சொல்லைப் பட்டமாகப் பெற்ற அப்பெண்மணிக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் படிப்பை இடையில் நிறுத்திய ஒருவரிடம், அவர் பெயரை வெளியிடாமல், மீண்டும் படிக்க அவருக்கு எவ்வகை உதவி தேவை என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. சாரதா இல்லம் தொடக்கத்தில் ஒரு சமூகத்திற்கு மட்டும் உரியதாக அமைந்ததற்குக் கூறப்பட்ட காரணங்கள் ஏற்கத்தக்கனவா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

3. வேற்று மாநிலத்திலிருந்து வந்து உங்கள் பள்ளியில் சேரும் மாணவர் ஒருவருக்கு முதல் மாதத்தில் வகுப்புத் தோழர்கள் செய்யக்கூடிய உதவிகளைப் பட்டியலிடுக.

4. மருத்துவர் முத்துலட்சுமி, சகோதரி சுப்பலட்சுமி ஆகிய இருவரின் பணிகளில் காணப்படும் ஒற்றுமை வேற்றுமைகளை ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.